ஆறு நாற்றும் ஏழு நூல்கண்டும்

ஒரு வீட்டு ஜன்னல் பட்டப்பகலில் ஊதா நிறத்தில் ஒளிர்ந்தால் தெரு சும்மா இருக்குமா? எல்லோருக்கும் மூக்கில் வியர்த்துவிட்டது.

"உள்ளே சினிமா எடுக்கிறாங்களாம்" என்றார் பால் போடுகிறவர்.

"இல்லை, யாருக்கோ உடம்பு சரியில்லை. ஏதோ கதிர் வைத்தியமாம்" என்றார் சைக்கிள் கடைக்காரர்.

மூன்றாம் மாடி அத்தைக்கு மட்டும் இப்படி ஊகிப்பதெல்லாம் பிடிக்காது. நேரே கீழே இறங்கினார், கதவைத் தட்டினார், எட்டிப் பார்த்தார், திரும்பி வந்தார். "தக்காளி நாற்றுக்கு விளக்குப் போட்டிருக்காங்க" என்றார்.

யாரும் நம்பவில்லை. ஆனால் அதுதான் உண்மை.

அந்த வீட்டில் பத்து வயதுப் பெண் ஒருத்தி இருந்தாள். கேள்வி கேட்டே ஆளைத் துளைத்துவிடுவாள் என்பதால் அவளுக்குக் 'குடைச்சல்' என்று பெயர். குடைச்சலின் வீடு தரைத்தளத்தில் இருந்தது. பக்கத்தில் புதிதாக எழுந்த கட்டடம் வெயிலை மொத்தமாக விழுங்கிவிட்டது. ஜன்னலைத் திறந்தால் சுவர். கையை நீட்டினால் தொட்டுவிடலாம்.

இந்த இருட்டில் தக்காளி வளர்க்கவேண்டும் என்று யாருக்காவது தோன்றுமா? குடைச்சலுக்குத் தோன்றியது. முதல் முறை விதைத்தாள். நாற்றுகள் வெளிச்சத்தைத் தேடி நூல் போல நீண்டு, வெளுத்து, படுத்துவிட்டன. இரண்டாம் முறையும் அதேதான். மூன்றாம் முறை முளைத்தவை ஆறே ஆறு. அவையும் ஜன்னல் பக்கம் சாயத் தொடங்கியபோதுதான் அவள் மாமாவிடம் போனாள்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. உலகத்தில் அவருக்குத் தெரியாத விஷயம் கிடையாது. இதை அவரே சொல்லியிருக்கிறார்.

"செடிக்கு எல்.இ.டி விளக்கு போட்டா போதும் குட்டி. நான் வாங்கிட்டு வரேன்" என்றார். வாங்கியும் வந்தார். சிவப்பும் நீலமுமாக விளக்குகள் மாறி மாறிப் பதித்த ஒரு பட்டை. அதை ஒரு அட்டையில் ஒட்டினார். வீட்டில் மேலே ஒரே ஒரு கொக்கிதான் இருந்தது. அதில் தொங்கிய குழல்விளக்கைக் கழற்றிவிட்டு அட்டையை மாட்டினார். அறை முழுக்க ஊதா.

அந்தக் கொக்கிக்குக் கீழேதான் அம்மாவின் தையல் இயந்திரமும் இருந்தது.

அம்மா சாதாரணத் தையல்காரர் இல்லை. கறுப்பில் மட்டும் நாலு வகை கறுப்பு உண்டு என்பார். துணியைத் தொடாமலே, 'இது ரெண்டு தடவை துவைச்ச கறுப்பு' என்று சொல்லிவிடுவார். அப்படிப்பட்டவர் அன்று பாட்டுக் குழுவுக்காகப் பதினான்கு வெள்ளைச் சட்டைகளுக்குக் காலர் தைத்துக்கொண்டிருந்தார். "வெளிச்சம் எப்படி இருந்தா என்ன, என் கைக்குத் தெரியும்" என்று தைத்து முடித்தும்விட்டார்.

மாலையில் பாட்டு வாத்தியார் வந்தார். ஒரு சட்டையை எடுத்து வாசலில் விரித்தார்.

"அம்மா... நாங்க வெள்ளைச் சட்டைதானே கேட்டோம்?"

"வெள்ளைதானே தைச்சேன்!"

"சட்டை வெள்ளைதான். நூல் ரோஸ்."

அம்மா ஓடிவந்து பார்த்தார். பதினான்கு காலரிலும் பளிச்சென்று ரோஸ் தையல். ஊதா வெளிச்சத்தில் வெள்ளை நூலும் ரோஸ் நூலும் இரட்டைப் பிள்ளைகள் போல இருந்திருக்கின்றன. அவருக்கு இருபது வருடத்தில் இப்படி ஒரு தவறு நடந்ததே இல்லை.

பாட்டு வாத்தியார் நல்லவர். "பரவாயில்லைம்மா, வெள்ளிக்கிழமை வந்து வாங்கிக்கிறேன்" என்று போய்விட்டார். அம்மா நல்லவர்தான், ஆனால் அந்த நேரத்தில் இல்லை.

"இந்த வீட்டுல ஒண்ணு அந்த விளக்கு இருக்கும், இல்ல நான் இருப்பேன். நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள கழட்டிடணும்!"

"அப்போ என் செடி?" என்றாள் குடைச்சல்.

"சோறு போடறது செடியா, மெஷினா?"

குடைச்சலுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆறு நாற்றுகளும் மறுபடி படுத்துவிடும். நாலாம் முறை விதைக்க அவளுக்குத் தெம்பு இல்லை. ஆனால் அம்மா குனிந்து உட்கார்ந்து ஒவ்வொரு தையலாகப் பிரிப்பதையும் பார்த்தாள். அம்மா மேல் கோபம் வரவில்லை. தானும் பக்கத்தில் உட்கார்ந்து ரோஸ் நூலைப் பிடுங்க ஆரம்பித்தாள்.

நாலாவது காலர் பிரிக்கும்போது கேட்டாள்: "ஏம்மா, எந்தெந்த நூலை எல்லாரும் மாத்தி எடுப்பாங்க?"

"கறுப்பும் கருநீலமும். அரக்கும் காப்பிக்கொட்டை நிறமும். இப்போ உன் மாமா புண்ணியத்துல வெள்ளையும் ரோஸும்."

"அந்த ஆறையும், ஒரு பச்சையையும் நாளைக்கு எடுத்துட்டுப் போகட்டுமா?"

"எங்கே?"

"விளக்குக் கடைக்கு."

"நூலுக்கும் விளக்குக்கும் என்னடி சம்பந்தம்?"

"இன்னிக்குத்தான் பார்த்தோமே!"

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் உதட்டை இறுக்கிக்கொண்டு, "ஒண்ணு தொலைஞ்சாலும் தோலை உரிச்சிடுவேன்" என்றார்.

மறுநாள் குடைச்சல் மாமாவை இழுத்துக்கொண்டு மின்சாமான் கடைக்குப் போனாள். மூன்று பேர் இடித்துக்கொண்டு நிற்கக்கூடிய கடை. சுவர் முழுக்கச் சின்னச் சின்ன டப்பாக்கள். கடைக்காரர் எதைக் கேட்டாலும் 'உம்' என்பார். அந்த ஒரே 'உம்'மில் சரி, இல்லை, போ, வா எல்லாம் அடக்கம். தெருவே அவரை 'உம்' என்றுதான் அழைக்கும்.

"வெள்ளை எல்.இ.டி பட்டை வேணும். நல்லா நிறம் காட்டணும்" என்றாள் குடைச்சல்.

"வெள்ளையா?" மாமா துள்ளினார். "செடிக்குச் சிவப்பும் நீலமும்தான் வேணும். பெட்டியிலேயே இலை படம் போட்டிருக்கு, பார்க்கலை?"

"மாமா, வெள்ளை வெளிச்சத்துக்குள்ள சிவப்பும் நீலமும் இருக்குதானே? வானவில்லுல பிரியுதே!"

"இருக்கு... ஆனா எல்லா வெள்ளையிலயும் சிவப்பு அவ்வளவா இருக்காது."

"அதைக் கண்டுபிடிக்கத்தான் நூல். அரக்கு நூல் அரக்காத் தெரியணும்னா விளக்குக்குள்ள சிவப்பு இருக்கணும். அம்மாவுக்கு அரக்கு தெரிஞ்சா, செடிக்கும் சிவப்பு கிடைச்சிருச்சுன்னு அர்த்தம்!"

மாமா அரக்கு நூலை எடுத்து உற்றுப் பார்த்தார்.

"உம்" என்றார் கடைக்காரர். இந்த முறை அதில் லேசாக வியப்பு இருந்தது. ஐந்து வகை வெள்ளைப் பட்டைகளை எடுத்துப் போட்டார்.

குடைச்சல் கடையின் விளக்கை அணைக்கச் சொன்னாள். ஷட்டரைப் பாதி இறக்கச் சொன்னாள். பிறகு மாமாவைத் திரும்பி நிற்க வைத்து, நூல்கண்டுகளைக் கலைத்து அடுக்கினாள். முதல் பட்டை எரிந்தது.

"இப்போ திரும்பிச் சொல்லுங்க."

"இதெல்லாம் ஒரு பரீட்சையா? கறுப்பு, காப்பி, பச்சை, கறுப்பு..."

"ரெண்டு கறுப்பு கிடையாது மாமா. ரெண்டாவது கருநீலம். காப்பின்னு சொன்னது அரக்கு."

அடுத்த பட்டையில் வெள்ளையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் தப்பாகச் சொன்னார். மூன்றாவது பெட்டியில், 'நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு உண்மை நிறம்' என்று தங்க எழுத்தில் போட்டிருந்தது. மாமா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தார். அரக்கைக் காப்பி என்றார்.

"மாமாவுக்குக் கண்ணு சரியில்லையோ?" என்று குடைச்சல் நூல்கண்டுகளோடு அவரை வாசலுக்கு அழைத்துப் போனாள். பகல் வெளிச்சத்தில் ஏழையும் கடகடவென்று சரியாகச் சொன்னார்.

"கண்ணு சரியாத்தான் இருக்கு. அப்போ பெட்டிதான் பொய் சொல்லுது" என்றாள்.

கடைக்காரர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அவரும் நூலைப் பட்டையின் கீழே பிடித்துப் பார்த்தார். "ரெண்டு வருஷமா இதை நல்லதுன்னு சொல்லித்தான் வித்துட்டு இருக்கேன்" என்றார். அவர் இவ்வளவு நீளமாகப் பேசி யாரும் கேட்டதில்லை.

நான்காவதும் தேறவில்லை. ஐந்தாவது, படமும் இல்லாத, தங்க எழுத்தும் இல்லாத ஒரு பழைய உறையில் கிடந்தது. அதன் கீழே நின்று மாமா மெதுவாகச் சொன்னார்: "கறுப்பு. கருநீலம். அரக்கு. காப்பி. வெள்ளை. ரோஸ். பச்சை."

ஏழும் சரி!

"மாமாவே தப்பாச் சொல்லலைன்னா இதுதான் நல்ல விளக்கு!" என்று குடைச்சல் குதித்தாள். மாமாவும் சேர்ந்து பெருமையாகச் சிரித்தார். வீட்டுக்குப் பாதி வழி போன பிறகுதான் அது பாராட்டு இல்லை என்று அவருக்கு உறைத்தது.

ஆனால் கடையை விட்டுக் கிளம்புவதற்குள் இன்னும் வேலை இருந்தது. பட்டையைப் பத்து நிமிடம் எரியவிட்டு, அதன் முதுகைத் தொட்டுப் பார்த்தாள். சுட்டது. "சூடு ஏறினா விளக்கு சீக்கிரம் மங்கிடும்ல? அட்டையில ஒட்டக்கூடாது" என்று ஓர் அலுமினியத் தகடு கேட்டாள். அதே வகையில் நாலு பட்டை வேண்டும், நாலுக்கும் சேர்த்து முப்பத்தாறு வாட் ஆகும் என்று கணக்குப் போட்டாள். மாமா சரியாக முப்பத்தாறு வாட் அடாப்டரை எடுத்தார்.

"எட்டுப் பேர் போற வேன்ல எட்டுப் பேரையும் தினமும் ஏத்தினா மூச்சு முட்டாதா மாமா?"

கடைக்காரர் கேட்காமலே நாற்பத்தெட்டு வாட் அடாப்டரை எடுத்து வைத்தார். "உம்" என்றார். அது, 'பாப்பா சொல்றதுதான் சரி' என்கிற உம்.

சாயங்காலத்துக்குள் புது விளக்கு கொக்கியில் ஏறிவிட்டது. இணைப்பெல்லாம் மாமா கொடுத்தார். பிளக்கைச் சொருகியது அப்பா. அவர் பேருந்து ஓட்டுநர். மின்சாரத்தில் பிள்ளைகள் கை வைத்தால் அவருக்கு ஹாரன் போலக் குரல் வரும்.

விளக்கு எரிந்தது. அறைக்குள் காலைநேரத்து வாசல் வந்து உட்கார்ந்தது போல இருந்தது. அம்மா ஒரு சட்டையை எடுத்தார். நூல் பெட்டியைக் கிளறினார். கறுப்பையும் கருநீலத்தையும் அருகருகே பிடித்துப் பார்த்தார்.

அம்மாவின் பார்வை நூலிலிருந்து நகர்ந்து நாற்றுத் தட்டில் நின்றது.

"இது என்னடி பச்சை?"

"தக்காளிப் பச்சை."

"தக்காளிப் பச்சை இப்படியா இருக்கும்? ஒரு இழை மஞ்சள் கலந்திருக்கு. கீழ் இலையைப் பாரு."

குடைச்சல் உற்றுப் பார்த்தாள். அவளுக்கு முதலில் தெரியவில்லை. இலையைத் திருப்பியதும் தெரிந்தது. மெய்தான், ஆறு நாற்றிலும் கீழ் இலைகள் மஞ்சள்! ஊதா விளக்கில் இலை முழுக்கக் கறுப்பாகத்தானே தெரிந்தது? மஞ்சளானதை யார் கண்டார்கள்?

அம்மா மண்ணில் விரலை விட்டார். சேறு. "இந்தச் செடிக்கு யாரு தண்ணி ஊத்தறது?"

"நான்தான். காலையில ஒரு தடவை" என்றாள் குடைச்சல்.

மாமா தொண்டையைக் கனைத்தார். "வரும்போதெல்லாம் நானும் கொஞ்சம்... வாடின மாதிரி தெரிஞ்சுது அக்கா."

எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். அப்பா ஜன்னல் வழியாகச் சுவரை ரசித்துக்கொண்டிருந்தார். "டூட்டிக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு டம்ளர்" என்றார் சுவரிடம். "பிள்ளை ஆசைப்பட்டு வளர்க்குதேன்னு..."

"மூணு பேரும் சேர்ந்து முக்கியே கொன்னிருப்பீங்க!"

அம்மா தட்டைத் தூக்கிச் சாய்த்துத் தண்ணீரை வடித்தார். மஞ்சள் இலைகளைத் தையல் கத்திரியால் பூப்போல வெட்டி எடுத்தார். பிறகு இயந்திரத்தை ஒரு சாண் நகர்த்தி, தட்டை நேராக விளக்குக்குக் கீழே வைத்தார்.

"இனிமே என்னைக் கேட்காம யாரும் ஒரு சொட்டு ஊத்தக்கூடாது."

நாற்றுகள் பத்து நாளில் முதுகை நிமிர்த்தின. தண்டு பென்சில் பருமனுக்கு வரத் தொடங்கியது. ஒரு காலை, பேன்ட்டின் கால் சுருக்கிக்கொள்ள வந்த மூன்றாம் மாடி அத்தையின் வீட்டுக்காரர் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.

"கொஞ்சம் சீக்கிரம்மா, ஆபீசுக்கு நேரமாச்சு!"

"இருங்க இருங்க" என்று உள்ளிருந்து அம்மாவின் குரல் கேட்டது. "முதல்ல என் செடி. அப்புறம்தான் உங்க பேன்ட்டு."