ஜோனாவை அழைத்து வந்த ஞாயிறு

மழை விட்டிருந்த பிற்பகலில் கிளாரிசா அந்தப் பல்கலைக்கழக விளையாட்டு அரங்கத்துக்கு முதல்முறையாக வேலைக்கு வந்தாள். எழுபதுகளில் கட்டியது. பூச்சில்லாத கான்கிரீட் சுவர்கள், மடித்து விரித்த காகிதம் போன்ற கூரை, உயரத்தில் மட்டும் கொஞ்சம் வெளிச்சம் கசியும் ஒடுங்கிய திறப்புகள். அதைப் புதுப்பித்து, மேற்குச் சுவரை இடித்து, பக்கத்தில் எழும் புதிய கூடத்தோடு சேர்க்க வேண்டும். பொறியாளர் அவள்தான்.

அவளுடைய தம்பி ஜோனா இறந்ததும் இங்கேதான். இங்கே படித்துக்கொண்டிருந்தபோது, பூப்பந்துப் பயிற்சியின் நடுவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவன் எழுந்திருக்கவே இல்லை. வேலையிடத்தில் யாரிடமும் அதை அவள் சொல்லவில்லை.

மேற்பார்வையாளர் முகமது யூசுப் வாசலிலேயே நின்றிருந்தார். எதற்கும் அசராத ராமநாதபுரத்துக்காரர்.

"மேடம், பசங்க உள்ள போகமாட்டேங்கிறாங்க. யாரோ ஓடுற சத்தம் கேக்குதாம்."

"நீங்க கேட்டீங்களா அண்ணே?"

அவர் குரல் தணிந்தது. "ஷூ தேயுற சத்தம், மேடம். மரத்தரையில கேக்குமே, அது. ஆனா மரத்தரையத்தான் நீங்க வர்றதுக்கு முன்னாடியே பேத்து எடுத்தாச்சே."

கிளாரிசா தனியாக உள்ளே போனாள். ஈரச் சிமெண்டு வாடை. அதனூடே மெல்ல இன்னொரு வாசனை. ஜோனா முழங்காலில் தேய்த்துக்கொள்ளும் தைலம்.

கிரீச்.

நின்றது. மறுபடியும், இன்னும் பக்கத்தில்.

பிறகு, ஓடிக் களைத்தவன் மூச்சு வாங்கும் ஓசை.

"ஜோனா?" என்றாள்.

கவனித்துக் கேட்பதுபோல் அந்த மூச்சு அடங்கியது.

அம்மாவிடம் சொல்லக்கூடாது என்று ரயிலில் வரும் வழியெல்லாம் நினைத்தாள். ஈசூன் வட்டாரத்தில் இருந்த தங்கள் வீட்டுக் கதவைத் திறந்ததும் சொல்லிவிட்டாள். அம்மா அந்தோனியம்மாள் அழவில்லை.

"அந்தச் சுவர இடிக்கிறதுக்குள்ள என்னைக் கூட்டிட்டுப் போ. பிள்ள வழி தெரியாம நிக்குது."

ஞாயிறு, வேலையில்லாத நாள். தேவாலயத்தில் பூசை முடிந்து இருவரும் நேராக வந்தார்கள். கையில் ஜெபமாலையும் தலையில் பொருந்தாத பாதுகாப்புக் கவசமுமாக அம்மா கூடத்தின் நடுவில் போய் நின்றார். பள்ளிக்கூட வாசலில் நின்று கூப்பிடுவதுபோல் கூப்பிட்டார்.

"போதும்யா விளையாடினது. வீட்டுக்குப் போலாம். அம்மாவோட வா."

கிளாரிசாவுக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அம்மா நீட்டிய கை, எதையோ பற்றிக்கொண்டதுபோல் மடங்கியது. அந்த முகம் அப்படி மலர்ந்து அவள் எத்தனையோ வருடமாகப் பார்த்ததில்லை.

"கை சில்லுன்னு இருக்கு," என்றார் அம்மா.

ரயிலில் பக்கத்து இருக்கையில் அவர் யாரையும் உட்காரவிடவில்லை.

அதன்பிறகு அம்மா ஆளே மாறிப்போனார். ஜோனாவுக்குப் பிடித்த மீன் குழம்பு வைத்தார். அவன் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார். பதிலுக்குக் காத்திருந்து சிரித்தார். அந்த அறையைத் தாண்டும்போதெல்லாம் கிளாரிசாவின் கைகள் சில்லிட்டன. அங்கே தைல வாசனை இல்லை. நெடுநாள் மூடிக் கிடந்த தண்ணீர்த் தொட்டியின் வாடைதான் வந்தது.

அம்மா சிரிக்கிறாரே, அது போதும் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அரங்கத்தில் சத்தம் ஓய்ந்தது. ஆட்கள் தயங்காமல் வேலைக்கு வந்தார்கள். ஒருநாள் மேற்குச் சுவர் விழுந்தது. இடிந்த இடைவெளி வழியே, அந்தக் கூடம் கண்டிராத சாயங்கால வெயில் தரையெங்கும் பரவியது. யூசுப் எல்லாரையும் தேநீர் குடிக்க அழைத்துப் போனார். கிளாரிசா மட்டும் புழுதி அடங்கட்டும் என்று நின்றாள்.

புழுதிக்குள்ளிருந்து தைலம் மணத்தது.

கிரீச்.

கைப்பேசி ஒலித்தது. அம்மா.

"எப்பமா வருவ? ஜோனா என் பக்கத்துலதான் உக்காந்திருக்கான். உன்னையே கேட்டுக்கிட்டு இருக்கான்."

அம்மாவின் குரலுக்குப் பின்னால் யாரோ மெதுவாகச் சிரிப்பது கேட்டது. அது அவள் தம்பியின் சிரிப்பு அல்ல.

வெயில் விழுந்த வெறும் தரையில், அவள் தோளுக்கு அருகே, மூச்சிரைக்க ஒரு குரல் தயங்கித் தயங்கிப் பேசியது. அந்தக் குரலை அவள் மறந்ததே இல்லை.

"அக்கா, நான் இங்கதானே இருக்கேன். அம்மா யாரைக் கூட்டிட்டுப் போனாங்க?"