சுவருக்குள் ஒரு குடும்பம்

பஃபலோ நகரத்தில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. குளிர் நுழையும் ஓட்டைகளை இலவசமாக அடைத்துத் தர ஒரு குழு அந்தத் தெருவுக்கு வந்திருந்தது.

அந்தத் தெருவில் இருந்த சிறுமி நடீனுக்கு ஒன்றுமே புரியவில்லை. குளிரை விரட்ட வந்தவர்கள், அவள் வீட்டு வாசற்கதவில் பெரிய மின்விசிறியைப் பொருத்தி ஓடவிட்டார்கள். வீடு இன்னும் ஜில்லென்று ஆனது.

"இவங்களுக்கு என்ன ஆச்சு?" என்று முணுமுணுத்தாள்.

குழுத் தலைவி மிஸ் வெர்னாவுக்கு அது கேட்டுவிட்டது. விசிறி வீட்டுக் காற்றை வெளியே தள்ளும், உடனே ஓட்டைகள் வழியாக வெளிக்காற்று உள்ளே பாயும் என்று விளக்கினார். புகை விடும் குச்சி ஒன்றைச் சுவரோரம் காட்டினார். ஜன்னலடியில் புகை கலைந்து பறந்தது. அங்கேதான் ஓட்டை.

அது புரிந்தது. பக்கத்து வீட்டு மிஸ்டர் ராஸ்கோவைத்தான் புரியவில்லை. தெருவிலேயே அவர் மட்டும் வேண்டாம் என்று கதவைச் சாத்திக்கொண்டார். வீட்டுக்குள்ளேயே இரண்டு ஸ்வெட்டர் போட்டுத் திரிபவர் அவர்.

வீம்பு பிடித்தவர் என்றார்கள் குழுவினர். நடீன் போய்க் கதவைத் தட்டினாள்.

"மிஸ்டர் ராஸ்கோ, உங்களுக்குக் குளிரலையா?"

"குளிருதுதான்."

"அப்புறம் ஏன் வேண்டாங்கறீங்க?"

அவர் வாசலை ஒட்டிய சமையலறைச் சுவரைக் காட்டினார். உள்ளேயிருந்து மெல்லிய "மியாவ்" கேட்டது. ஒன்றல்ல, பல.

தெருப்பூனை ஒன்று சுவருக்குள் குட்டி போட்டிருந்தது. எந்த வழியாகப் போய் வருகிறது என்று தேடித் தேடி அலுத்துவிட்டார். குழுவினரோ குளிரைத் தடுக்கச் சுவருக்குள் பஞ்சு போன்ற ஒன்றை நிரப்பிவிடுவார்கள்.

"பூனைக்காகக் குளிர்ல கிடக்கறேன்னு சொன்னா சிரிப்பாங்க" என்றார்.

நடீன் குழம்பி நின்றாள். சுவரை அடைத்தால் குட்டிகள் போச்சு. அடைக்காவிட்டால் இவர் பாடு திண்டாட்டம். வழிதான் தெரியவில்லையே!

வழி! மிஸ் வெர்னாவிடம் ஓடினாள். "அந்த விசிறி பூனை போற ஓட்டையையும் காட்டுமா?"

மிஸ் வெர்னா சிரிக்கவில்லை. விசிறியைத் தூக்கிக்கொண்டு வந்து மிஸ்டர் ராஸ்கோ வீட்டு வாசலில் பொருத்தினார்.

நடீன் புகைக்குச்சியோடு தரையில் தவழ்ந்தாள். பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே புகை அவள் முகத்திலேயே அடித்தது. இருமிக்கொண்டே அங்கிருந்த பலகையைத் தட்டினாள். அது ஆடியது.

விசிறியை நிறுத்திவிட்டுப் பலகையைக் கழற்றினார்கள். தாய்ப்பூனை சீறிக்கொண்டு வெளியே பாய்ந்தது. மிஸ் வெர்னா மூன்று குட்டிகளை எடுத்தார். நான்காவது ஆழத்தில் இருந்தது. நடீனின் ஒல்லிக் கைதான் அங்கே எட்டியது.

குட்டிகளை ஒரு பெட்டியில் வைத்ததும் தாயும் உள்ளே குதித்து அவற்றை நக்க ஆரம்பித்தது.

மிஸ்டர் ராஸ்கோ குழுவினரைத் திரும்பிப் பார்த்தார்.

"என்ன நின்னுக்கிட்டே இருக்கீங்க? சீக்கிரம் அடைங்கப்பா, புள்ளைங்களுக்குக் குளிருதுல்ல!"