குப்பைமேட்டுக் குழாயின் பூட்டு

சலவைக்கடைக்காரி பையிலிருந்து ஒரு வெள்ளைப் போர்வையை எடுத்து மேசைமேல் விரித்தபோது, கண்டக்டர் அதை ஏதோ பழந்துணி என்றுதான் நினைத்தார். நடுவில் திட்டுத் திட்டாகப் பழுப்புக் கறை.

“இது புதுசு சார். ஆஸ்பத்திரிக்காரங்க வெளுக்கக் குடுத்தது. அலசும்போது பளிச்சுன்னுதான் இருக்கு. காய்ஞ்சு எடுத்தா இப்படி ஆயிடுது.”

வக்கீலம்மா போர்வையின் ஓரத்தை விரலால் தேய்த்துப் பார்த்தார். கோர்ட்டுக்குப் போவதை அவர் எப்போதோ நிறுத்திவிட்டார். யாருக்கும் அவிழாத சிக்கல்களை இப்போது அவரிடம் கொண்டு வருகிறார்கள். கண்டக்டர் அவருடைய உதவியாளர். இடுப்பு வலி வந்து பஸ் வேலையை விட்டவர். டிக்கெட் எடுக்காதவனை முகத்தை வைத்தே பிடித்த அனுபவம் இருப்பதால், குற்றவாளியையும் அப்படியே பிடித்துவிடலாம் என்பது அவர் நம்பிக்கை. அது பெரும்பாலும் பலித்ததில்லை.

“துணி போனா போகுதும்மா” என்றாள் வந்தவள். “வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில படுத்துட்டாரு. ரெண்டு சிறுநீரகமும் கெட்டுப்போச்சாம். என்ன தண்ணி குடிக்கிறீங்கன்னு டாக்டர் கேட்டாரு. கிணத்துத் தண்ணிதான். டவுன் குழாய் எங்க தெருமுனையோட நின்னுபோச்சு.”

அவள் தெருவுக்குப் பின்னால் நகராட்சியின் பழைய குப்பைமேடு இருந்தது. குப்பை கொட்டுவதை நிறுத்தி, மண் போட்டு மூடி, மேலே புல் வளர்த்துவிட்டார்கள். மேட்டின் அடியில் நிலத்தடி நீர்வரை ஒரு சோதனைக் குழாய் இறக்கியிருந்தார்கள். குப்பையின் கசிவு மண்ணுக்குள் இறங்குகிறதா என்று மாதாமாதம் அதிலிருந்து தண்ணீர் எடுத்துப் பார்ப்பார்கள். ஒவ்வொரு மாதமும் தண்ணீர் சுத்தம் என்றே முடிவு வந்தது.

“மேட்டுல குத்தமில்லன்னா வேற யாரு? தெருவுல ஒரு சாயப்பட்டறை இருக்கு. அதைப் பூட்டிட்டு அவரைக் குடும்பத்தோட விரட்டிடணும்னு எல்லாரும் கிளம்பிட்டாங்க. அவரு பிள்ளைங்க தலையில அடிச்சு சத்தியம் பண்றாரு. எனக்கு மனசு கேக்கல.”

“குழாயில தண்ணி எடுக்கிறது யாரு?” என்று கேட்டார் வக்கீலம்மா.

“என் கூடப்பொறந்த அண்ணன்தாம்மா. நகராட்சியில அதுதான் அவரு வேலை. அவரு கை பட்டது பொய்யாகுமா?”

மறுநாள் காலை வக்கீலம்மாவும் கண்டக்டரும் மேட்டுக்குப் போனார்கள். தூரத்தில் பார்த்தால் பச்சைக் குன்று. பக்கத்தில் போனால் மூக்கைச் சுளிக்க வைக்கும் மெல்லிய நெடி. வாசலிலேயே அறை எடுத்துக் குடியிருந்த காவல்காரர் கைப்பம்பில் பல் விளக்கிக்கொண்டிருந்தார்.

“தண்ணி எடுக்கிற ஆபீஸ்காரர் மாசம் தவறாம வருவாரு. பெட்டியத் தூக்கிக்கிட்டு மேட்டைச் சுத்திப் போவாரு, கொஞ்ச நேரத்துல திரும்புவாரு. இங்கேருந்து குழாய் தெரியாதும்மா.”

சோதனைக் குழாய் இடுப்பளவு உயரத்துக்கு நின்றது. இரும்பு மூடியில் ஒரு பூட்டு. பூட்டின் சாவித்துவாரத்தை அடைத்தாற்போல் ஒரு குளவி மண்கூடு கட்டியிருந்தது. கூடு காய்ந்து வெளுத்து, குஞ்சுகள் பறந்துபோன துளைகள் மட்டும் மிஞ்சியிருந்தன. கண்டக்டர் அதைத் தட்டிவிடக் கை நீட்டினார்.

“தொடாதீங்க” என்றார் வக்கீலம்மா. “போட்டோ மட்டும் எடுங்க.”

அங்கிருந்து சலவைக்கடைக்குப் போனபோது அவளுடைய அண்ணனும் வந்திருந்தார். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை. கையில் மாப்பிள்ளைக்கு ஆஸ்பத்திரியில் கொடுக்கப் பழம். தங்கை எல்லாருக்கும் டீ கொண்டுவந்தாள். அவர் மட்டும் வேண்டாமென்று தலையை ஆட்டினார்.

“போன வாரம் எடுத்தேன் மேடம்” என்றார். “கண்ணாடி மாதிரி இருந்துச்சு. இருந்தாலும் கிணத்துத் தண்ணி இல்லையா, காய்ச்சிக் குடின்னு இவகிட்ட சொல்லிக்கிட்டேதான் இருக்கேன்.” பேசும்போது அவர் பார்வை கொடியில் காய்ந்த துணிகளிலேயே இருந்தது. சீக்கிரமே எழுந்து போய்விட்டார்.

“எம்மேல கோவம்” என்றாள் தங்கை. “வீட்டுக்காரர் ஒரு தடவை விளையாட்டா ஏதோ சொல்லிட்டாரு. அதுலேருந்து இந்த வீட்டுல அண்ணன் பச்சைத் தண்ணி தொடுறதில்ல. ஆனா வராம இருக்கமாட்டாரு. மாப்பிள்ளை படுத்ததுலேருந்து தினமும் வர்றாரு.”

வக்கீலம்மா டம்ளரை ஓசையில்லாமல் கீழே வைத்தார். அதில் டீ அப்படியே இருந்தது.

கடைசியாகப் பரிசோதனைக்கூடம். அங்கிருந்த பெண் ஒளிவுமறைவில்லாமல் பேசினாள். “வந்த பாட்டில்ல என்ன இருந்துச்சோ அதைத்தான் நான் சொன்னேன். இரும்பு, ஈயம், காட்மியம்னு எந்த உலோகமும் இல்ல. ஒண்ணு மட்டும் உண்டு. மூடியத் திறந்தா நீச்சல்குளத்து வாசம் வரும், குளோரின். பாட்டிலை பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவுறாங்க போலன்னு விட்டுட்டேன்.”

திரும்பும் வழியில் கண்டக்டருக்கு இருப்புக்கொள்ளவில்லை. “எனக்குப் புரிஞ்சுபோச்சும்மா. சாயப்பட்டறைக்காரன் காவல்காரனைக் கையில போட்டுக்கிட்டு பாட்டிலை மாத்தியிருக்கான். அந்தக் காவல்காரன் முழி ஒண்ணு போதாதா?”

“ராக்காவல்ல அவருக்குத் தூக்கம் போய் ரொம்ப நாளாச்சு, அதான் அந்த முழி” என்றார் வக்கீலம்மா. சிக்கல் அவிழும் நேரத்தில் அவரிடம் ஒரு சுறுசுறுப்பு வரும். அன்று அது வராதது கண்டக்டருக்கு என்னவோபோல் இருந்தது.

வக்கீலம்மா கேட்டுக்கொண்டபடி, இரண்டு நாள் கழித்து நகராட்சியின் சுகாதார அதிகாரி மேட்டடிக்கு வந்தார். சலவைக்கடைக்காரி, அவள் அண்ணன், காவல்காரர், சாயப்பட்டறைக்காரர் எல்லாரும் குழாயைச் சுற்றி நின்றார்கள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

“முதல்ல சாயப்பட்டறை” என்று ஆரம்பித்தார் வக்கீலம்மா. “சாயம் கலந்த தண்ணின்னா துணியை முக்கும்போதே நிறம் ஏறும். இங்க காய்ஞ்ச பிறகுதான் கறை வருது. அது இரும்பு. குப்பைக்கு அடியில ஊறி வர்ற தண்ணியில அது நிறைய இருக்கும். அப்படின்னா இந்தக் குழாயிலயும் இருக்கணும். ஆனா பாட்டில்ல இல்ல.”

“மாத்திட்டாங்க” என்றார் கண்டக்டர், அடக்க முடியாமல்.

“மாத்தணும்னா முதல்ல எடுத்திருக்கணுமே. பூட்டைப் பாருங்க. இந்தக் குளவிக்கூடு போன வாரம் கட்டினது இல்ல. குஞ்சு பொரிச்சுப் பறந்தே போயிடுச்சு. கூட்டை உடைக்காம சாவி நுழையாது. பல மாசமா இந்தக் குழாயை யாரும் திறக்கவே இல்ல.”

காவல்காரர் முகம் வெளிறியது. வக்கீலம்மா அவர் பக்கம் திரும்பினார். “நீங்க இல்ல. பாட்டில்ல இருந்த தண்ணியில குளோரின். அது டவுன் குழாய்த் தண்ணியில மட்டும்தான் கலப்பாங்க. உங்க அறையில இருக்கிறது கைப்பம்பு. பட்டறையில கிணறு. தெருவுக்கே டவுன் குழாய் வரல. பாட்டில் நிரம்பினது வேற இடத்துல. இங்க வர்றதுக்கு முன்னாடியே ஆபீஸ் குழாயில நிரம்பிடுச்சு.”

யாரும் அண்ணனைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருந்ததே எல்லாவற்றையும் சொல்லியது.

“இதோட நின்னிருந்தா சோம்பேறித்தனம்னு நினைச்சு விட்டிருப்பேன்” என்றார் வக்கீலம்மா. அவர் குரல் தணிந்திருந்தது. “நடக்கச் சோம்பல்பட்டவருக்குத் தண்ணி நல்லதா கெட்டதான்னு தெரிஞ்சிருக்காது. உங்களுக்குத் தெரிஞ்சிருந்துச்சு. கண்ணாடி மாதிரி இருக்குன்னு சொன்ன வாயாலேயே காய்ச்சிக் குடின்னும் சொன்னீங்க. தினமும் வந்தீங்க, ஆனா தங்கச்சி வீட்டுல ஒரு வாய் தண்ணி குடிக்கல. அது கோவம் இல்ல.”

சுகாதார அதிகாரி சைகை காட்ட, காவல்காரர் சுத்தியலால் பூட்டை உடைத்தார். வாளியில் ஏறி வந்தது கரி கரைத்தது போலிருந்தது. அழுகல் நெடி எல்லாரையும் ஓரடி பின்னால் தள்ளியது. அண்ணன் மட்டும் நகரவில்லை.

“முதல் தடவை திறந்தப்பவே இப்படித்தான் இருந்துச்சு” என்றார். “அப்பதான் இவ அந்த வீட்டுக்குக் குடிவந்தா. மேட்டை மூடியாச்சு, பயப்படாம வாங்குன்னு சொன்னதே நான்தான். ஒரு மழை போகட்டும், தெளிஞ்சுடும்னு நினைச்சு ஆபீஸ் குழாயில பிடிச்சுக் குடுத்தேன். மறுமாசம் நிஜத் தண்ணியக் குடுத்தா போன மாசத்துக்கு என்ன பதில் சொல்றது? அப்படியே போயிடுச்சு.” அவர் தங்கையின் பக்கம் திரும்பினார். “அதான் காய்ச்சிக் குடின்னு சொன்னேன்ல?”

“காய்ச்சித்தாண்ணா குடிச்சோம்” என்றாள் அவள்.

காய்ச்சினால் கிருமி சாகும்; ஈயம் போகாது. அது அவருக்கும் தெரியும். அவர் அந்த இடத்திலேயே குந்தி முகத்தைப் பொத்திக்கொண்டார். சாயப்பட்டறைக்காரர் தெருவைப் பார்த்து நடந்தார்.

பிறகு நடக்க வேண்டியதெல்லாம் நடந்தது. தெருவுக்கு லாரியில் தண்ணீர் வந்தது. கிணறுகளை மூடினார்கள். மேட்டைச் சுற்றித் தடுப்புச் சுவர் கட்டுவதாக அறிவித்தார்கள். அண்ணனை வேலையிலிருந்து நிறுத்தி, வழக்குப் போட்டார்கள். மாப்பிள்ளையின் சிறுநீரகம் மட்டும் யாராலும் திருப்பித் தர முடியாததாக இருந்தது.

மழைக்காலம் தொடங்கிய ஒரு பிற்பகலில் சலவைக்கடைக்காரி மறுபடி வந்தாள். நனைந்த குடையை வெளியிலேயே வைத்துவிட்டு, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்.

“அண்ணனுக்காகக் கோர்ட்டுல நிக்க எந்த வக்கீலும் ஒத்துக்கலையாம். நீங்க நிக்கணும்.”

கண்டக்டர் திடுக்கிட்டுப் பார்த்தார். “ஏம்மா, மன்னிச்சிட்டியா அவரை?”

“இல்ல சார். அதுக்கப்புறம் நான் அவரோட பேசல. பேசவும் மாட்டேன்.” அவள் ஈரக் கையைப் புடவையில் துடைத்தாள். “எங்களுக்கு அப்பா அம்மா இல்ல. அவருதான் என்னைத் தூக்கி வளர்த்தாரு. அங்க தனியா நிப்பாருன்னு நினைச்சா சோறு இறங்கல.”



“தப்பு இல்லைன்னு வாதாட மாட்டேன்” என்றார் வக்கீலம்மா.

“வேண்டாம்மா. பக்கத்துல நின்னா போதும்.”

“நாளைக்கு வரச் சொல்லு.”

“நீங்களே சொல்லி அனுப்பிடுங்க” என்று எழுந்தாள் அவள். “நான்தான் பேசுறதில்லையே.”