பங்கரில் இழுத்த கம்பி

றெயில் கடவையில் மோட்டார் சைக்கிள் என்ஜினை நிறுத்திய பிறகும் ஹெல்மெற்றுக்குள் அந்த உறுமல் நிற்கவில்லை.

நதானியேலுக்கு அது மானப்பிரச்சினை. பண்டத்தரிப்பு தொடங்கிக் காங்கேசன்துறை வரை கறண்டைப் பற்றி அறிந்த ஒரே பிறவி தான்தான், மற்றதெல்லாம் சுவிச்சைத் தட்டிவிட்டுக் கும்பிடுகிற கூட்டம் என்பது அவன் முடிவு. மோட்டார் சைக்கிள் திருத்துகிற கராச் பேதுருவை அவன் மனிதக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. ஹெல்மெற்றில் முதலில் கேட்ட இரைச்சலுக்கு மழைக்குணம்தான் காரணமென்று சொன்ன மடையன் அல்லவா!

இரண்டு ஹெல்மெற்றுக்குள்ளும் மைக், ஸ்பீக்கர் வைத்து, மோட்டார் சைக்கிள் பற்றரியிலேயே கறண்ட் எடுத்திருந்தான். பின்னாலிருக்கும் மனைவி தர்ஷிகா வயிற்றுப்பிள்ளைக்காரி; வீதிக் கிடங்கில் சில்லு விழுந்து குலுங்கினால் அவள் சொல்வது உடனே கேட்கவேண்டும். கேட்டதோ ஊரே சேர்ந்து கடுகு தாளிக்கிற சத்தம். அதை அடக்க ரெசிஸ்டர் பிளக் மாற்றினான். வயரைக் கொயிலுக்கு எட்டவாக இழுத்தான். நேரே பற்றரிக்கு எர்த் கொடுக்கத் தடித்த செப்புக் கம்பி தேவைப்பட்டது. கடைக் கம்பி பட்டம் விடவும் உதவாது என்று காறித் துப்பிவிட்டு, பக்கத்து வெறும்வளவில் மண்மூடிக் கிடந்த பதுங்குகுழிப் பங்கரிலிருந்து ஒன்றை உருவினான். சண்டைக் காலத்தில் உள்ளே இருந்தவர்கள் றேடியோ கேட்க இறக்கிய ஏரியல் கம்பி அது. ஷெல் விழுந்து பங்கர் அவர்களோடு மூடியது. பிறகு யாரும் தோண்டவில்லை.

"இஞ்சேருங்கோ, சனம் கிடக்கிற இடமப்பா. திருப்பிப் போட்டிட்டு வாங்கோ," என்றாள் தர்ஷிகா.

"செத்ததுகளுக்கு ஏன் செம்பு? சும்மா இரும்."

கடுகுச் சத்தம் அடியோடு ஒழிந்தது. இந்த உறுமல் முளைத்தது.

றெயில் போனது. கடவை திறந்தது. மோட்டார் சைக்கிளைக் கிளப்பினான். கருக்கல் நேரம், வெங்காயத் தோட்டங்களிலிருந்து ஈரச் செம்மண் வாசம் ஹெல்மெற்றுக்குள் புகுந்து மூக்கில் அப்பியது, உறுமல் ஏறியது, தளர்ந்தது, மூச்சு வாங்கியது, மறுபடி ஏறியது. என்ஜின் வேகத்துக்கும் அதற்கும் சம்பந்தமேயில்லை. அந்தச் சத்தத்தை அவன் கைகளுக்குத் தெரியும். சின்ன வயதில், சண்டையால் கறண்ட் இல்லாத நாட்களில், சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்ட வீடுகளில் அவனுடையதும் ஒன்று.

யாரோ சுற்றுகிறார்கள்.

"சுத்து... நிப்பாட்டாதை," என்றது ஒரு குரல். ஒரு பிள்ளை இருமியது.

'எவனோ பேயன் மலிவு றேடியோச் செற்றில் கதைக்கிறான்,' என்று இளித்தான்.

அப்போது தர்ஷிகாவின் குரல். கண்ணாடிபோலத் தெளிவு.

"எத்தினை பேர் இருக்கிறியள்?"

"ஆரோடை கதைக்கிறீர்?"

"பொறுங்கோப்பா. அவையளுக்குக் கை நோகுதாம். நான் கொஞ்சம் சுத்திக் குடுக்கிறன்."

இடுப்பைப் பிடித்திருந்த கை தளர்ந்தது.

"தர்ஷி! இறங்காதையும்!"

பிறேக். சரளை. புழுதி.

திரும்பினான்.

வீதியில் ஆளில்லை. தோட்டத்திலும் இல்லை. சீற்றில் அவளுடைய ஹெல்மெற் மட்டும் கவிழ்ந்துகிடந்தது. தூக்கப் பார்த்தான். தூக்க முடியாத பாரம். இரண்டு கையாலும் புரட்டினான்.

விளிம்புவரை ஈரச் செம்மண்.

மண் மெல்ல ஏறியது. இறங்கியது. ஏறியது.

அதற்கடியில், எங்கோ ஆழத்தில், அப்போதுதான் பிறந்த பிள்ளை ஒன்று வீரிட்டு அழுதது.