எட்டு மணி ஜீப்

திருப்பத்தூர் ஓட்டலில் ‘ஃபுல்’ என்றால் சாப்பாடு. தையல்காரரிடம் சொன்னால் முழுக்கைச் சட்டை. புதூர்நாட்டு மலையிலோ, டிரைவர் பாதி இடுப்பை வெளியே தொங்கவிட்டு ஓட்டும் ஜீப். கோபால்சாமியின் ஜீப்பில் மூன்று பேர் ஏறி முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. ஓய்வுபெற்ற ஏட்டு ராஜவேலு, துப்புத் துலக்குவதில் தீராத ஆசை கொண்ட தபால்காரர் சின்னதம்பி, பலாப்பழத்தோடு ஒரு பெண்.

அப்போது பாஞ்சாலை ஓடிவந்தாள். “ஏட்டையா, நேத்து காலையில நான் கொல்லியில களை வெட்டிட்டு வர்றதுக்குள்ள பொட்டியில இருந்த பட்டாவைக் காணோம். பதினோரு மணிக்குத் தாலுகா ஆபீசுல விசாரணை. காட்டலைன்னா புளியந்தோப்பு போயிடுங்க.”

புருஷன் போன பிறகு அவளுக்கு இருந்தது அந்தத் தோப்பு மட்டும்தான்.

ஊர் சந்தேகப்பட்டது அவள் கொழுந்தன் ரங்கனை. கூடிய கூட்டத்தில் நின்ற அவன், வீட்டுப் பக்கம் இருந்ததை மறுக்கவில்லை. “காலையில வூட்டாண்டதான் இருந்தேங்க. எடுக்கல.”

“ஒத்துக்கிட்டான்,” என்று சின்னதம்பி நோட்டில் எழுதினார்.

ராஜவேலு, பைக்கில் சாய்ந்து நின்ற புளி வியாபாரி தேவராஜிடம் திரும்பினார். தோப்பை விலைக்குக் கேட்டுக்கொண்டிருந்தவர் அவர்.

“நேத்து காலையில நான் மலையிலயே இல்லீங்க. வண்டி பஞ்சர். எட்டு மணி ஜீப்புல ஏறினேன். நானும் டிரைவரும்தான். ஏறினதும் எடுத்துட்டான். காலை நீட்டிக்கினு போனேன்.”

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். ராஜவேலு சிரிக்கவில்லை.

“கோபால்சாமி, உன் ஜீப்பு எத்தினி மணிக்குக் கிளம்பும்?”

“மணி எனக்கின்னாத்துக்கு? ஃபுல் ஆனா கிளம்பும். இங்க எந்த ஜீப்பும் அப்பிடித்தான்.”

“தேவராஜ், பைக்குலயே வந்து போற ஆளு நீங்க. ஜீப்புக்குக் காத்திருந்து பழக்கமில்ல. ரங்கன் வீட்டுப் பக்கம் இருந்ததை மறைக்கல. நீங்க மலையில இருந்ததையே மறைக்கிறீங்க. ஏன்? அந்தப் பைக்குப் பையைக் கொஞ்சம் திறங்க.”

உள்ளே பட்டா நான்காக மடிந்து கிடந்தது. “தோப்பை எழுதிக் குடுத்ததும் திருப்பித் தரலாம்னுதான்...” என்று தேவராஜ் இழுத்தார்.

சின்னதம்பி தான் எழுதியதை அடித்தார். ரங்கன் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டான்.

பாஞ்சாலை பட்டாவை மார்போடு அணைத்துக்கொண்டு ஜீப்பில் ஏறினாள். மணி ஒன்பதரை. மலை இறங்கவே ஒரு மணி நேரம் வேண்டும். கோபால்சாமியின் முகத்தையே பார்த்தாள்.

உள்ளே நாலு பேரும் ஒரு பலாப்பழமும். கோபால்சாமி திரும்பி ஒருமுறை எண்ணிப் பார்த்தார்.

“ஃபுல்,” என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.