நல்லசாமிக்கு வந்த சட்டை

சட்டையில் ஓட்டை மறுபடியும் திறந்திருந்தது.

நேற்று சாயந்தரம்தான் மயிலம்மாள் அதைத் தைத்து மடித்து வைத்தாள். மார்பில் இரண்டு, வயிற்றுக்கு மேலே ஒன்று. நூல் அறுந்திருந்தால் பிசிறாவது கிடக்க வேண்டும். பிசிறும் இல்லை, ஊசி போன தடமும் இல்லை. உர ஸ்டோரின் தகரக் கூரையில் காலை வெயில் ஏற ஏற, உர நெடிக்கும் புளித்த ரப்பர்ப் பாலுக்கும் பழகிப்போன அவள் மூக்கில், மூன்று முறை சவுக்காரம் போட்டு அலசிய அந்தச் சட்டையிலிருந்து மட்டும் ஈர மண்ணும் துருப்பிடித்த இரும்பும் கலந்த ஒரு வாடை ஏறியது. எலி வேலையாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டு மறுபடியும் ஊசியில் நூல் கோத்தாள்.

மலாயாவில் லிங்கிப் பக்கத்து அந்த ரப்பர்த் தோட்டத்துக்குப் படம் எடுக்கும் ஆட்கள் வந்து இரண்டு நாளாகிறது. காட்டிலிருந்து வரும் கம்யூனிஸ்டுகளைப் போலீஸ் சுட்டு வீழ்த்துகிற மாதிரி ஒரு சர்க்கார் படம். காட்டில் இருப்பவர்கள் பெரும்பாலும் சீனர்கள், ஆனால் சீனர் யாரும் நடிக்க வரவில்லை. தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டால் எவன் கண்டான் என்று, ஆறு தமிழ்ப் பால்வெட்டு ஆட்களைப் பிடித்துப் போட்டார்கள். அதில் மயிலம்மாளின் புருஷன் நல்லசாமியும் ஒருவன். அவர்கள் உடுப்பைத் துவைத்துத் தைத்துக் காலையில் கொடுத்து, சாயந்தரம் வாங்கி வைப்பது மயிலம்மாளின் பொறுப்பு.

உடுப்பு போலீஸ்காரர்கள் கொடுத்த சாக்கில் வந்தது. காட்டில் நிஜமாகவே செத்தவர்கள் போட்டிருந்தது. செத்தவன் துணியை வீட்டுக்குள் கூட எடுக்கக் கூடாது என்பார்கள். இவளோ அதைத் துவைத்துத் தன் புருஷன் உடம்பில் ஏற்ற வேண்டியிருந்தது. மூன்று ஓட்டைச் சட்டை நல்லசாமிக்குத்தான் பொருந்தியது.

தோட்டத்துக் கணக்கெழுதும் யாழ்ப்பாணத்துக் கிராணி செல்லப்பாதான் படம் எடுக்கும் வெள்ளைக்காரத் துரைக்கும் இவர்களுக்கும் நடுவில் மொழிபெயர்ப்பு. அவரிடம் போய் நின்றாள்.

"கிராணி ஐயா, இந்தச் சட்ட வேணாங்க. தச்சா நிக்க மாட்டேங்குது."

"விசர்க்கதை கதையாதை பிள்ளை. உயிரோட ஓடி வாறவன்ர சட்டையில முன்னமே ஓட்டை இருந்தால் படம் பாக்கிறவன் சிரிப்பான். வடிவாத் தைச்சுக் குடு."

நல்லசாமியும் சிரித்தான். "பால் வெட்ட வெட்டுக்காடு போவாம நாள் ஓடுது. சுட்டதும் விழுந்து கெடக்கணும், அவ்வளவுதான். அதுவும் வெறும் வேட்டுலா, புள்ள."

வரமாட்டேன் என்று சொல்லவும் வழியில்லை. காட்டுக் கம்யூனிஸ்டுகளை அடக்கச் சர்க்கார் போட்ட அவசரகாலம். மடியில் கனமில்லாவிட்டாலும் வழியில் பயம்தான். போன மாதம் மூன்றாம் லயத்து ஆள் ஒருவனை விசாரிக்க என்று லாரியில் ஏற்றிப் போனார்கள், இன்னும் அனுப்பவில்லை. அன்று முழுவதும் நல்லசாமி அந்தச் சட்டையோடு ரப்பர் நிரைக்குள் ஓடினான், துரை கைகாட்டும்போதெல்லாம் திரும்பி வந்து மறுபடி ஓடினான். சாயந்தரம் சட்டையைக் கழற்றினபோது தையல் இருந்தது.

மறுநாள் காலையில் இல்லை.

இந்த முறை ஓட்டைகளின் விளிம்பு ஈரமாக இருந்தது. தொட்டாள். வெதுவெதுப்பு. காக்கி நூல் தீர்ந்துவிட்டதால் கறுப்பு நூலை இரட்டையாகக் கோத்து, குறுக்கும் நெடுக்குமாக இறுக்கித் தைத்தாள். பிறகு வெட்கத்தைவிட்டு ஒரு காரியம் செய்தாள். அந்தச் சட்டையை ஆறு பேரில் ஒருவனான மாயாண்டியிடம் கொடுத்துவிட்டு, மாயாண்டியுடையதைப் புருஷனுக்குக் கொடுத்தாள். மாயாண்டிக்கும் வீட்டில் மூன்று பிள்ளைகள். அவளுக்கு அது தெரியும். தெரிந்துதான் கொடுத்தாள்.

நிரையில் வெள்ளித்தாள் ஒட்டிய பலகைகளை வெயிலுக்குத் திருப்பிப் பிடித்திருந்தார்கள். முக்காலி மேலிருந்த கேமராவுக்குப் பின்னாலிருந்து துரை தலையை நீட்டினார். நல்லசாமியைக் காட்டினார். மாயாண்டியைக் காட்டினார்.

"ஆர் மாத்தினது?" என்று செல்லப்பா கத்தினார். "நேற்று ஓடின ஆள் அந்தச் சட்டையோடதான் ஓடினவன். இண்டைக்கு அதே சட்டையோடதான் சாக வேணும். இல்லாட்டி படம் ஒட்டாது. கழட்டுங்கோ ரெண்டு பேரும்!"

மாயாண்டி கழற்றினான். நல்லசாமி வாங்கி மாட்டிக்கொண்டான். பொத்தான் போடும்போது மயிலம்மாளைப் பார்த்துக் கண்ணடித்தான்.

கேமரா கிர்ரென்று ஓடியது. இவ்வளவு நேரம் கத்திக்கொண்டிருந்த சில்வண்டுகள் நின்றன. எல்லாம் ஒரேயடியாக. நல்லசாமி முன்னால் ஓடி வந்தான், மற்ற ஐந்து பேர் பின்னால்.

வேட்டு. ஒன்று. இரண்டு. மூன்று.

விழுந்தான். பின்னால் வந்தவர்களும் விழுந்தார்கள். கேமரா நின்றது. மற்ற ஐந்து பேரும் எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டார்கள். நல்லசாமி மட்டும் கிடந்தான்.

"டேய், படம் முடிஞ்சிருச்சிடா!" என்று மாயாண்டி சிரித்தான்.

நல்லசாமி எழுந்தான். மெதுவாக. இரத்தமில்லை, காயமில்லை. துரை கைதட்டினார். மயிலம்மாளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மாரியாத்தா என்று வாய்விட்டுச் சொன்னாள். அழுகையே வந்துவிட்டது.

ஸ்டோருக்குள் வந்ததும் அவன் உரமூட்டையில் உட்கார்ந்தான். அவளே சட்டையைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தாள். ஓட்டை இல்லை. தையலும் இல்லை. கடையில் இன்றைக்கு வாங்கின துணி மாதிரி முழுசாக இருந்தது. வாடைகூடப் போயிருந்தது.

ஆனால் ஸ்டோரில் வாடை இருந்தது.

திரும்பினாள்.

அவன் மார்பில் இரண்டு. வயிற்றுக்கு மேலே ஒன்று. தோலை இழுத்துச் சேர்த்து, கறுப்பு நூல். இரட்டை நூல். குறுக்கும் நெடுக்கும். அவள் கைத்தையல்.

"என்னாங்க..."

"வலிக்கல, புள்ள," என்றான். உதடு அசைந்தது. மார்பு ஏறவில்லை, இறங்கவில்லை. "குளுருது. அவ்வளவுதான்."

வயிற்றுத் தையலின் நூல் நுனி விரற்கடை நீளம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அது குறைந்தது. இன்னும் குறைந்தது. உள்ளே போய்க்கொண்டிருந்தது.

பாய்ந்து நுனியைப் பிடித்தாள். இரண்டு விரலால். நகம் வெளுக்க.

உள்ளிருந்து ஏதோ இழுத்தது.