கம்பி முறுக்கிய கை

“கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார்... வெளிச்சத்த மறைக்கிறீங்க.”

சொன்னவள் நிமிரக்கூட இல்லை. சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரின் பானட்டுக்குள் பாதி உடம்பை நுழைத்திருந்தாள். வெளியே மழை வெளுத்து வாங்கியது. ஒர்க்‌ஷாப் வாசலில் ஆவி கக்கி நின்றுபோன வண்டியை அவளும் ஒர்க்‌ஷாப்பை நடத்தும் அவள் அண்ணனும்தான் நனைந்துகொண்டே உள்ளே தள்ளியிருந்தார்கள்.

“கூலன்ட் குறைஞ்சுக்கிட்டே இருக்கு. மூணு இடத்துல காட்டியாச்சு, எங்க ஒழுகுதுன்னே தெரியல. நான் ஏரோபிளேன் மெக்கானிக்... எனக்கே பிடிபடல,” என்றான் வண்டிக்காரன். உனக்கெங்கே பிடிபடப் போகிறது என்பதை மட்டும் சொல்லாமல் விட்டான்.

அவளுக்கு அதுவும் கேட்டுவிட்டது. நிமிர்ந்தாள். கன்னத்தில் கிரீஸ்... அதற்கு மேலே, யாருக்கும் பயப்படாத இரண்டு கண்கள். அவன் அடுத்துச் சொல்ல வந்தது மறந்தே போனது.

“இஞ்சின் ஆறினப்புறம்தானே எல்லாரும் பாத்தாங்க?”

“ஆமா... சூட்டுல யார் கைய விடுவாங்க?”

“நான் விடுவேன்.”

ஆறும்வரை காத்திருந்து, இஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்டை நிரப்பி, ரேடியேட்டர் மூடி இருந்த இடத்தில் பிரஷர் பம்ப்பை மாட்டி அழுத்தினாள். அழுத்தம் காட்டும் முள் இறங்கவில்லை; ஆறிய இஞ்சினில் ஒழுக்கு இல்லை. இஞ்சினை இருபது நிமிடம் ஓடவிட்டு நிறுத்தினாள். அந்த இருபது நிமிடமும் அவன் மழையைப் பார்ப்பதுபோல் அவளையே பார்த்தான். அவள் அதைப் பார்க்காததுபோல் பார்த்தாள்...

முள் மெல்ல இறங்கியது. டார்ச்சோடு குனிந்தவள், ரப்பர் ஹோஸின் அடியில் ரோஸ் நிறத்தில் ஒரு கூலன்ட் சொட்டைக் கண்டுபிடித்தாள்.

“இந்த கிளாம்ப்ல கம்பி கட்டினது யாரு?”

“நான்தான்,” அவன் நெஞ்சு நிமிர்ந்தது. “பிளேன்ல போல்ட் கழண்டுடாம இருக்க இப்படித்தான் முறுக்குவோம்.”

“அழகா முறுக்கியிருக்கீங்க. ஆனா கம்பி நுனி ஹோஸ்ல குத்துது சார். சூடானா ஹோஸ் உப்பி ஓட்டை திறக்குது... ஆறினா மூடிக்குது.”

அவன் முகம் சிவந்தது. “பதினோரு வருஷமா முறுக்குறேன். என் கைவேலைல தப்பு வந்ததில்ல.”

“இப்ப வந்திருக்கு.”

சுற்றி நின்ற ஒர்க்‌ஷாப் பையன்கள் சிரித்துவிட்டார்கள். அவன் வண்டியை இழுத்துப்போக ஆள் வரவழைத்தான். மழையில் இறங்கிப் போனான்.

அண்ணன் கொதித்துப்போனான். “வந்த ஆள இப்படியா மூஞ்சில அடிச்ச மாதிரி பேசுவ? போன் பண்ணி சாரி சொல்லு. இல்லன்னா இனிமே பெரிய வண்டி எதையும் தொடாத. டயர் மாத்து, போதும்.”

இந்த ஒர்க்‌ஷாப்பில் இஞ்சினைத் தொடும் உரிமைக்காக அவள் நான்கு வருடம் போராடியிருக்கிறாள். ஆனாலும் சொன்னாள், “டயரே மாத்துறேண்ணா. சரியா சொன்னதுக்கு சாரி சொல்ல மாட்டேன்.”

மூன்று நாள் டயர் மாற்றினாள். சிவப்பாக எது போனாலும் தலை தானாகத் திரும்பியது. சரியான திமிர் பிடித்தவன்... வராவிட்டால் எனக்கென்ன? ஆனாலும் திரும்பியது.

நான்காம் நாள் காலை அந்தக் கார் வந்து நின்றது. அவன் நேராக அண்ணனிடம் போனான். கூட்டம் இருக்கிறதே என்று குரலைத் தாழ்த்தவில்லை.

“கம்பிய எடுத்துட்டு ஹோஸ மாத்தினேன். மூணு நாளா ஓட்டுறேன், ஒரு சொட்டு ஒழுகல. தப்பு என்னோடதுதான். உங்க தங்கச்சி மாதிரி ஒரு மெக்கானிக்க நான் பாத்ததில்ல.”

அண்ணன் தங்கையைப் பார்த்தான். தன் டூல் பெட்டியை எடுத்து அவள் பக்கம் நகர்த்திவைத்துவிட்டு உள்ளே போய்விட்டான்.

அவள் தலை நிமிர்ந்து நின்றாள். கண் மட்டும் கலங்கியது...

“வண்டிதான் சரியாயிடுச்சே சார்... அப்புறம் எதுக்கு இவ்ளோ தூரம்?”

“என் தப்ப முகத்துக்கு நேரா சொல்ற ஆள் ஒருத்தர் வாழ்நாள் முழுக்க பக்கத்துல வேணும்னு தோணுச்சு,” என்றான். “உங்கள ரொம்பப் பிடிச்சிருக்கு. நான் சொல்றது தப்புன்னா சொல்லிடுங்க... ஒத்துக்கறேன்.”

அவள் அவனையே பார்த்தாள். எங்கே ஒழுகுகிறது என்று தேடும் அதே பார்வை.

“மூணு நாளா டயர மாத்தினேனோ இல்லையோ... வாசலையே பாத்துட்டு இருந்தேன்,” என்றாள். “நீங்க சொன்னதுல தப்பு எதுவும் இல்ல.”